இறக்கத்தில் அணைந்த எஞ்சின்

கண்டி மாநகரை விட்டு வெளியேறும் வழிகளுள் பெரும்பாலானவை இறக்க வழிகளே. மேற்கே கொழும்பை நோக்கினால் கடுகண்ணாவைக் கணவாய். வடமேற்கே குருநாகலை நோக்கினால் கலகெதரை இறக்கம். கிழக்கே மகியங்கனையை நோக்கினால் ஹுன்னஸ்கிரியாவுக்கு அப்பால் பதினெட்டு வளைவு. தெற்கே நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் மட்டும் ஏற வேண்டும். அவர்களும் திரும்பி வரும்போது இறம்பொடையிலும் புசல்லாவையிலும் இறங்கியே ஆகவேண்டும். இத்தகைய ஊரில் வாழ்கிற வாகனச் சாரதிகளுக்கு, மலை தங்களுக்கு ஏதோ கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எப்படியோ உண்டாகிவிடுகிறது. ஏறும்போது எரித்த எண்ணெயை இறங்கும்போது திருப்பி வாங்கிவிடலாம் என்று கருதுகிறார்கள். இறக்கத்தின் உச்சியில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டியை அதன் பாரத்திலேயே உருளவிட்டு, அடிவாரத்தில் மீண்டும் எஞ்சினை உயிர்ப்பிக்கும் வழக்கம் அவ்வாறு வந்ததுதான். அந்த வழக்கத்தைப் பற்றியும், குறிப்பாக அந்த 'மீண்டும் உயிர்ப்பித்தல்' பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். கேலி செய்வதற்காக அன்று. அந்த வழக்கத்தால் உண்டு வளர்ந்தவன் நான்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அந்த ஆண்டை இந்நாட்டார் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாயாயிற்று. அப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. மார்ச் மாதத்திலேயே எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் இருவர் உயிர் நீத்த செய்தியைப் படித்தோம். ஜூன் 27ஆந் திகதி தொடக்கம் இரு வாரங்களுக்கு, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் விற்பதில்லை என அரசாங்கம் அறிவித்தது. அதன் பின்னர் ஜூலையில் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. அதன்படி முச்சக்கர வண்டிக்கு முதலில் அளிக்கப்பட்ட பங்கு வாரத்திற்கு 5 லீற்றர்.

ஹந்தானை மலைச்சாரலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து, மாதாந்தப் பரிசோதனைக்காக என் மனைவியை நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. துணைக்கு மகளும் வந்தாள். எங்களுக்கு வழக்கமாக வரும் முச்சக்கர வண்டிக்காரன், அருகிலுள்ள தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயதுக்கு உட்பட்டவன். பேச்சில் பணிவும் வேலையில் கவனமும் உள்ள பிள்ளை. தேயிலை நூதனசாலையைக் கடந்து வண்டி இறங்கத் தொடங்கியதும் சட்டென்று ஓசை அடங்கிற்று. காற்றின் இரைச்சலும் சில்லுகளின் உருளலும் மட்டுமே கேட்டன. முதலில் வண்டி பழுதாகிவிட்டதென்றே நினைத்தேன்.

"என்ன தம்பி, நின்றுபோயிற்றா?"

"இல்லீங்க ஐயா, நான்தான் ஆஃப் பண்ணினேன். எறக்கத்துல வண்டி தானா போவுது. எதுக்கு வீணா பெட்ரோல் எரியணும்?"

அவன் சொன்னதில் நியாயமிருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி, "சத்தமில்லாமல் போவதும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றாள். தேயிலைச் செடிகளுக்கிடையில் ஒரு படகில் போவதுபோல இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பாதி வழி கடந்தபின் ஒரு வளைவில், கீழிருந்து ஏறிவந்த லொறியொன்று தெருவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பட்டது. நம் பிள்ளை பிரேக்கை மிதித்தான். வண்டியின் வேகம் சற்றே குறைந்தது, நிற்கவில்லை. மிதி முன்னிலும் ஆழமாகக் கீழே போனதைப் பின்னாலிருந்து நானே கண்டேன். மறுகணம் அவன் இடக்கைப் பிடியை முறுக்கி, இரண்டாம் கியரில் விழுத்தி, கிளட்சை விட்டு, அதற்குப் பின்னரே சாவியைத் திருப்பினான். வண்டி குலுங்கி முன்னோக்கிச் சாய்ந்தது. பின்புறத்திலே வெடி வெடித்தாற்போல் ஓர் ஓசை. என் மகள் கூவிவிட்டாள். ஆயினும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. லொறிக்கும் கானுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் நாங்கள் நழுவிச் சென்றோம். கீழே சமதரைக்கு வந்ததும் அவன் வண்டியை ஓரமாக நிறுத்திக் கீழிறங்கி, பின்சில்லைத் தொட்டுப் பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டான். விரல்கள் நடுங்கியது சூட்டினால் மட்டுமன்று என்று தோன்றிற்று.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவு மிச்சமாகிறது?" என்று மட்டும் கேட்டேன். அவனுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மருத்துவமனையின் வாங்கில் என் மனைவியின் இலக்கம் வரும்வரை காத்திருந்த நேரத்தில், மருந்துச் சீட்டின் பின்புறத்தில் நானே கணக்கிட்டுப் பார்த்தேன்.

அத்தகைய சிறிய எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது மணிக்குக் கால் லீற்றர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹந்தானையிலிருந்து நகருக்கு ஏறக்குறைய 4 கிலோமீற்றர். இறங்க 12 நிமிடம். அணைத்துவிட்டு இறங்கினால் மீதியாவது 50 மில்லிலீற்றர். அன்றைய விலையில் 22 ரூபாய் 50 சதம். அற்பம் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் வாரப் பங்கு 5 லீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் வீதம் 125 கிலோமீற்றர். அதாவது ஏறி இறங்கப் பதினைந்து தடவை. பதினைந்து இறக்கங்களில் மீதியாவது முக்கால் லீற்றர். அதைக் கொண்டு இன்னும் இரண்டு சவாரி போய் வரலாம். வாரத்தில் பதினைந்தே சவாரி என்று விதிக்கப்பட்ட ஒருவனுக்குப் பதினேழு சவாரி கிடைக்கிறது. இதை அற்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் தாய்மாமன் லொறிச் சாரதி. தேயிலைப் பெட்டிகளைக் கண்டியிலிருந்து கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் வேலை. 1965ஆம் ஆண்டளவில், பள்ளி விடுமுறையில், அவரோடு முன்னாசனத்தில் அமர்ந்து போயிருக்கிறேன். கடுகண்ணாவை உச்சியில், டோசன் நினைவுக் கோபுரத்துக்கு அருகே, அவர் லொறியை நிறுத்தாமல் இறங்கியதேயில்லை. இவ்வீதியைத் திட்டமிட்டு அமைத்த பொறியியற் படைத் தளபதி கப்டன் டோசன் 1829இல் கொழும்பில் இறந்தார். அவருடைய நண்பர்கள் பணம் திரட்டி 1832இல் எழுப்பியது அக்கோபுரம். மலையைக் குடைந்து எவன் வருகிறானோ அவனுக்கே கண்டி இராச்சியம் வசப்படும் என்று பழங்கதை ஒன்று உண்டு. கீழே பாறையைத் துளைத்துச் சென்ற பழைய பாதையை அக்கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். உண்மையில், இராச்சியம் 1815இலேயே கைமாறிவிட்டது. பாதை அதற்குப் பின்னர்தான் வந்தது. கதைகளுக்கு ஆண்டுக் கணக்கு ஏது?

மாமனுக்கு இக்கதையொன்றும் பொருட்டன்று. கோபுரத்தடியில் இறங்கி, நான்கு பக்கமும் சுற்றிவந்து, சில்லுகளைக் காலால் தட்டிப் பார்ப்பார். கிளீனர்ப் பையனிடம் தடைக்கட்டை கையில் இருக்கிறதா என்று கேட்பார். பின்னர் ஏறி அமர்ந்து, ஏறிவந்தபோது எந்தக் கியரோ அதே கியரைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் முனகமுனக, ஆமைபோல இறங்குவார். "ஏறுன கியர்லயே எறங்கணும்டா மாப்பிள்ளை" என்பது அவருடைய வேதவாக்கியம். உலகெங்கும் மலைச்சாரதிகள் சொல்லும் வாக்கியம் அதுவே என்று பின்னாளில் அறிந்தேன்.

அவ்வேதம் அவருக்கு வந்த வழியை அவர் எனக்குச் சொன்னதில்லை. என் தாயார்தான் சொன்னார். அக்காலத்தில் லொறி முதலாளிமார் ஒரு பயணத்துக்கு இத்தனை கலன் பெற்றோல் என்று அளந்து கொடுப்பார்கள். அதில் மீதம் பிடிப்பது சாரதியின் சாமர்த்தியம். மீந்ததை விற்றுக்கொள்வது எழுதாத உரிமை. என் மாமனும் தொடக்கத்தில் கடுகண்ணாவை உச்சியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு உருளவிட்டவர்தான். அந்த மீதத்தில் வாங்கப்பட்டவைதாம் என்னுடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள். ஒருநாள் இரவு, பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடேறிப் புகைந்து பிடியற்றுப்போய், எஞ்சினையும் உயிர்ப்பிக்க இயலாமல், கிளீனர்ப் பையன் ஓடும் லொறியிலிருந்து குதித்துக் கட்டையைப் போட்டுப் போட்டு, மூன்றாவது தடவையில் லொறி மலைப்பக்கத்து மண்ணில் முட்டி நின்றதாம். பையனுக்கு ஒரு காலில் எலும்பு முறிவு. அதன்பின் மாமன் எஞ்சினை அணைத்ததில்லை. எனக்குப் புத்தகம் வாங்கித் தருவதையும் நிறுத்தவில்லை. அப்பணத்துக்கு அவர் வேறு என்ன வழி செய்தார் என்பது எனக்குத் தெரியாது.

இனி, இறக்கத்தில் என்னதான் நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 600 கிலோகிராம் எடையுள்ள முச்சக்கர வண்டியொன்று 300 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று கொள்க. அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல், 5 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 10 தொன் லொறியாயின் 90 லீற்றருக்கு மேல். இதில் ஒரு பங்கைக் காற்றும் தரையின் உராய்வும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சூடு எங்கேனும் போய்த்தான் ஆகவேண்டும். எஞ்சின் கியரில் பிணைந்திருந்தால், சில்லுகள் எஞ்சினைச் சுழற்றுகின்றன; எஞ்சின் காற்றை உறிஞ்சித் திணறுகிறது; சூட்டின் பெரும்பங்கு அதன் வழியே கழிகிறது. எஞ்சினைப் பிரித்துவிட்டால் அத்தனை சூடும் சோற்றுச்சட்டி அளவேயான பிரேக் உருளைகளின் தலையில் விழுகிறது. சூடேறிய உருளை விரிகிறது. மிதி ஆழமாகப் போகிறது. உராயும் பட்டை தன் பிடியை இழக்கிறது. இறக்கத்தில் எஞ்சின் சும்மா இருக்கிறதென்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அங்கேதான் நமக்காகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

முச்சக்கர வண்டிக்குப் பிரேக்கில் காலின் பலம் மட்டுமே துணை. எஞ்சின் அணைந்தாலும் அப்பலம் குறைவதில்லை. மோட்டார்க் காரின் நிலை வேறு. எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம் பிரேக் மிதிக்குத் துணைநிற்கிறது. எஞ்சின் நின்றபின் ஒரு சேமிப்பு மட்டும் மிஞ்சியிருக்கும்; இரண்டு, மூன்று தடவை மிதித்ததும் அது தீர்ந்து, மிதி கருங்கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை ஒரு படி அதிகமாகத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் கார்களும் உண்டு. வளைவில் அது நேர்ந்தால் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய பஸ்களிலும் லொறிகளிலும் பிரேக்குக்கு வேண்டிய அழுத்தக் காற்றை எஞ்சினே அடைக்கிறது. எஞ்சின் நின்றால் ஒவ்வொரு மிதிக்கும் காற்றுத் தொட்டி வற்றிக்கொண்டே போகும்.

அணைத்ததை மீண்டும் ஓடவைப்பதிலும் வித்தை உண்டு. ஓடுகின்ற வண்டியில் எஞ்சினை உயிர்ப்பிக்க இரண்டு வழிகள். ஒன்று, நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றிவிட்டுப் பின் வேகத்துக்கு ஏற்ற கியரில் சேர்ப்பது. பற்றரி நல்ல நிலையில் இருந்தால் இதுவே மேல். மற்றொன்று, சாவியை முதலில் திருப்பி, உயர்ந்த கியரொன்றைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, சில்லுகளின் சுழற்சியால் எஞ்சினைச் சுழலவைப்பது. நம் ஊரில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் அதே முறை. இதில் பதற்றத்தில் முதலாம் கியரைப் போட்டவன் சில்லுகளை இறுக்கிச் சறுக்கவைத்துவிடுவான். சாவியைத் திருப்புமுன் கிளட்சை விட்டவன் வேட்டுச் சத்தம் கேட்பான். அன்று எங்களுக்குக் கேட்டது அதுதான். கார்புரேட்டர் உள்ள எஞ்சின், சாவி அணைந்திருக்கையில் சுழன்றாலும் பெற்றோல் கலந்த காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எரிக்கத் தீப்பொறி இல்லாமையால் அக்கலவை அப்படியே சைலன்சருக்குள் போய்த் தேங்கும். பின்னர் தீப்பொறி வந்ததும் தேங்கியதெல்லாம் ஒருசேரப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு சைலன்சரைப் பிளந்துகொண்டவர்கள் உண்டு. மிச்சம் பிடித்த பெற்றோலின் விலையைப்போல் நூறு மடங்கு அங்கே போய்விடும். தானியங்கிக் கியர்ப் பெட்டி உள்ள கார்களுக்கோ தள்ளி ஸ்டார்ட் செய்யும் முறையே இல்லை. அப்பெட்டிக்கு எண்ணெய் ஊட்டும் பம்பும் எஞ்சினாலேயே இயங்குவது. ஆகவே எஞ்சினை அணைத்து நெடுந்தூரம் உருட்டினால் பெட்டியே தேய்ந்துபோகும்.

இவ்வழக்கம் அறியாமையால் மட்டுமே பிறந்ததென்று எண்ணிவிடக் கூடாது. பழைய இரண்டடிப்பு எஞ்சின்களில், உள்ளுறுப்புகளுக்கு வேண்டிய எண்ணெய் பெற்றோலோடு கலந்தே செல்லும். நெடிய இறக்கத்தில் பெற்றோலை மூடிக்கொண்டு கியரில் இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுழலும், எண்ணெயோ போகாது, பிஸ்டன் இறுகிவிடும். அதற்கஞ்சி, இரண்டடிப்பு எஞ்சின் பூட்டிய சுவீடன் தேசத்து ஸாப் கார்களில், சில்லுகள் எஞ்சினை இழுக்காமல் தாமே சுழன்றோட ஒரு விடுபொறியையே அமைத்திருந்தார்கள். இந்நாட்டு வீதிகளில் ஒரு காலத்தில் இரைந்து புகைந்து திரிந்த முச்சக்கர வண்டிகளும் இரண்டடிப்பு வகையினவே. அவற்றை ஓட்டிய தந்தை, இறக்கத்தில் எஞ்சினைப் பிரித்துவிடு என்று மகனுக்குச் சொன்னது மெய்யறிவே. எஞ்சின் நான்கடிப்பாக மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

அதனினும் விந்தை இன்றைய கார்களின் கதை. எரிபொருளைக் கணக்கிட்டுப் பீச்சும் எஞ்சின்கள், இறக்கத்தில் கியரிலே இருக்க, அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் பெற்றோலை அறவே நிறுத்திவிடுகின்றன. சில்லுகள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஒரு துளியும் எரியாது. வேகம் நன்கு தணிந்தால் மீண்டும் தானாகவே பீச்சத் தொடங்கும். எஞ்சின் சாகவேயில்லை, ஆகவே உயிர்ப்பிக்கும் வேலையும் இல்லை. டீசல் எஞ்சின்களில், பழைய பஸ்களில்கூட, இறக்கத்தில் காலை எடுத்தால் எண்ணெய்ப் பம்ப் ஏறத்தாழ இவ்வாறே அடைத்துக்கொள்ளும். இவற்றை நியூட்ரலில் விட்டு எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு இறங்குகிறவர், மிச்சம் பிடிப்பதாக எண்ணிக்கொண்டு, கியரில் இறங்குகிறவரைக் காட்டிலும் அதிகமாகவே செலவிடுகிறார். கண்டியில் இதைச் சொன்னால் நம்புகிறவர் குறைவு. நான் சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தவர்களுள் வாகனம் பழுதுபார்க்கும் தொழிலாளர் இருவரும் அடக்கம்.

ஆனால் என் முச்சக்கர வண்டிக்காரனிடம் இந்த வாதம் செல்லாது. அவனுடைய வண்டியில் இருப்பது கார்புரேட்டர். அது கியரில் இறங்கும்போதும் உறிஞ்சும். அவன் சொன்ன கணக்குப் பிழையன்று. அவனுடைய இறக்கம்தான் பிழை. மென்சாய்வான, நேரான, ஆளரவமற்ற பாதையில் அவ்வித்தை பலித்தே தீரும். மேல்நாட்டில் இதை ஒரு விளையாட்டாகவே நடத்துகிறார்கள். 1939இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்து விஞ்ஞானிகள் சிலர், ஒரே அளவு பெற்றோலில் யார் அதிக தூரம் செல்வதென்று பந்தயம் கட்டினார்கள். வென்றவர் கலனுக்கு ஏறத்தாழ 50 மைல் ஓட்டினார். அந்தப் பந்தயம் 1985 முதல் பிரான்சில் மாணவர் போட்டியாக வளர்ந்தது; 2010இல் மலேசியாவின் செப்பாங்கில் ஆசியப் போட்டியும் தொடங்கிற்று. அங்கே பெற்றோல் வண்டிகள் ஓடும் விதம் வேடிக்கையானது. எஞ்சினைச் சிறிது நேரம் முழுப் பலத்தோடு ஓட்டி வேகம் பிடிப்பார்கள், அணைப்பார்கள், உருளவிடுவார்கள், வேகம் குன்றியதும் மீண்டும் ஸ்டார்ட் செய்வார்கள். பந்தயம் முழுவதும் இதே கதை. எஞ்சின் பாதிப் பலத்தில் நெடுநேரம் ஓடுவதைவிட, முழுப் பலத்தில் சில கணம் ஓடி ஓய்வதே சிக்கனம் என்பது அதன் தத்துவம். சுருங்கச் சொன்னால், ஹந்தானைப் பையன் செய்வதைத்தான் அம்மாணவர்களும் செய்கிறார்கள். அவர்களுடைய வண்டி படகைப் போன்று இலேசானது. பாதை போட்டிக்கென ஒதுக்கப்பட்டது. எதிரே லொறி வராது. பொது வீதியிலோ சட்டம் வேறு. கலிபோர்னியா மாநிலத்தில் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவதே குற்றம்.

இப்போது கண்டித் தெருக்களில் நிறைய ஓடும் ஹைபிரிட் கார்களைப் பாருங்கள். 1997ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் டொயோட்டா வெளியிட்ட பிரியஸ் காரிலிருந்து தொடங்கிய வம்சம் அது. இறக்கம் வந்தால் தானே எஞ்சினை அணைத்துக்கொள்ளும். சில்லுகளின் சுழற்சியில் மின்சாரம் எடுத்துப் பற்றரியில் சேர்த்துக்கொள்ளும். வேண்டும்போது ஓசையின்றி எஞ்சினை உயிர்ப்பித்துக்கொள்ளும். மலை பட்ட கடனை மெய்யாகவே வசூலிக்கும் வாகனம் அது. சாரதி கையாலும் காலாலும் செய்த திருட்டுத்தனத்தை அதற்குச் சட்டப்படியான வேலையாக்கிவிட்டார்கள். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் என்ன செய்யும் என்று கேட்டேன். கியர்ப் பிடியில் 'பி' என்றொரு நிலை இருக்கிறது. அதில் போட்டால், எரிபொருளின்றி எஞ்சினையே சுழற்றி வண்டியைப் பிடித்து நிறுத்துமாம். என் மாமன் 1965இல் கடுகண்ணாவையில் செய்தது அதுவே.

அந்தப் பிள்ளையிடம் இவையனைத்தையும் ஒரு நாள் எடுத்துச் சொன்னேன். பிரேக் உருளையின் சூட்டைச் சொன்னபோது தலையசைத்தான். வேட்டுச் சத்தத்தின் காரணத்தைக் கேட்டு, "அப்போ சாவியை மொதல்ல போட்டிருக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மாமனின் கதையில் பையன் கால் முறிந்த இடத்தில், "அப்புறம் அவனுக்கு யாருங்க ஐயா சோறு போட்டது?" என்று கேட்டான். இத்தனை ஆண்டுகளில் அக்கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. என் தாயாரிடம் கேட்டுவைக்கவும் இல்லை.

அடுத்த மாதம் மீண்டும் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். நூதனசாலையைக் கடந்ததும் அவன் இரண்டாம் கியருக்கு மாற்றி, எஞ்சின் முனகமுனக இறங்கினான். லொறி எதிர்ப்பட்ட வளைவை நடைவேகத்தில் கடந்தோம். என் மனைவி அவனைப் பாராட்டினாள். வளைவுகள் யாவும் முடிந்து, கீழே தெரு நேராகி, சாய்வும் மெலிந்த இடத்துக்கு வந்தோம். எதிரே எவருமில்லை. அவனுடைய கை மெல்லச் சாவியை நோக்கிப் போவதையும், முன்கண்ணாடியில் அவன் என் முகத்தைப் பார்ப்பதையும் கண்டேன். பார்க்காதவன்போல் தேயிலை மலையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஓசை அடங்கிற்று.